விறகு பிளக்கும் மெசினுக்கு மேசையும் சாமான் பெட்டியும்: எப்படிப் பூட்டலாம்?

பட்டறைத்தம்பி (லின்ட்சே, ஒன்ராறியோ)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பெற்றோலில் ஓடும் ஹைட்ராலிக் மெசின். 25 தொன் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஹொண்டா ஜீஎக்ஸ் 200 எஞ்சின், 4 அங்குல சிலிண்டர், 24 அங்குல ஓட்டம் (அது தள்ளிப் போகும் தூரம்). பிளக்கிற வேலையில் குறை சொல்ல முடியாது. தொல்லை பிளந்த பிறகுதான். குற்றி ஆப்பில் பட்டு இரண்டாகப் போனதும் ஒரு பாதி என் பக்கத் தாங்கியில் நிற்கும், மற்றது அந்தப் பக்கம் புல்லில் விழும். சுற்றிப் போய், குனிந்து, தூக்கி, திரும்பப் பீமில், அதாவது குற்றி கிடக்கும் நீள இரும்பில், வைக்க வேண்டும். 20 அங்குல விட்டமும் 16 அங்குல நீளமும் உள்ள பச்சை மேப்பிள் குற்றி 150 இறாத்தலைத் தாண்டும். அதில் பாதியைத் தரையில் இருந்து திரும்பத் திரும்பத் தூக்கினால் இடுப்பு என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

எனவே மறுபக்கத்தில் ஒரு மேசை பூட்ட நினைக்கிறேன். அதோடு அரம், கையுறை, ஸ்பனர் எல்லாம் வைக்க ஒரு பெட்டி. இப்போது அவை வாளியில் கிடக்கின்றன, மழை பெய்தால் வாளி நிறையத் தண்ணீர். வெல்டிங் செய்து விடலாமா, போல்ட் போட்டு இறுக்குவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வன்னிமகன் (பிராம்ப்டன்)

தம்பி, மெசினில் வெல்டிங் வேண்டாம். வெல்டிங் செய்து சாப்பிடுகிறவன் சொல்கிறேன்.

முதலில் எண்ணெய்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார். சில மெசின்களில் இரண்டு சில்லுக்கும் நடுவே சட்டம் மாதிரித் தெரிவதே தொட்டிதான். அதில் கொண்டுபோய் ஆங்கிள் ஒட்டினால் உள்ளே நிற்கும் எண்ணெய் ஆவி பற்றிக்கொள்ளும்.

அடுத்தது பீம். சிலிண்டர் ஒரு முனையில், ஆப்பு மறுமுனையில், நடுவில் குற்றி. தள்ளும்போது இரண்டு முனையும் விலகப் பார்க்கும், பீமின் மேல் விளிம்பு முழுக்க இழுவையில் இருக்கும். அந்த விளிம்பில் ஓட்டை போட்டாலோ வெல்ட் வைத்தாலோ விரிசல் விழுந்தால் அங்கிருந்துதான் விழும். இன்னொன்றும் இருக்கிறது. தள்ளும் தகடு மேலே எழும்பாமல் இருக்க அதன் காதுகள் மேல் விளிம்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும். நீ அங்கே கிளாம்ப் போட்டால் முதல் ஓட்டத்திலேயே அது போய் இடிக்கும்.

ஆகவே கீழ் விளிம்பைப் பிடி. 3/8 அங்குலத் தகட்டில் இரண்டு துண்டு, ஒன்று விளிம்புக்கு மேலே, ஒன்று கீழே, விளிம்புக்கு வெளியே நான்கு அரை அங்குல போல்ட். நைலோன் வைத்த நட் போடு. சாதாரண நட்டை இந்த எஞ்சினின் ஆட்டம் ஒரு சீசனுக்குள் கழற்றிவிடும். அந்தத் தகட்டில் ஒரு 2 அங்குல ஹிட்ச் குழாயை ஒட்டு. வாகனத்தின் பின்னால் இருக்குமே, அதே அளவு. மேசையின் காலை அதற்குள் செருகி 5/8 அங்குல பின் போட்டால் முடிந்தது. தகட்டை மெசினில் இருந்து கழற்றி, பட்டறை மேசையில் வைத்து ஒட்டு. மெசினில் வைத்து ஒட்டித்தான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே கொடு. கரண்ட் சிலிண்டர் தண்டு வழியாகப் போனால் சீல் கெடும்.

கோடாலிக்காரன் (ஸ்காபரோ)

மெசினுக்கு மேசை, மேசைக்குக் கால், காலுக்குப் பின். நல்லது. நான் ஒரு பழைய ரயரைக் கட்டையில் வைத்து, குற்றியை அதற்குள் நிறுத்தி, பிஸ்கார்ஸ் எக்ஸ் 27 கோடாலியால் சுற்றிச் சுற்றிப் போடுகிறேன். எல்லாத் துண்டும் ரயருக்குள்ளேயே நிற்கும். குனியத் தேவையில்லை, பெற்றோல் தேவையில்லை, காதும் வலிக்காது. ஆஷ் மரத்துக்கு மெசின் வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அது தொட்டாலே பிளக்கும்.

பட்டறைத்தம்பி

அண்ணை, ஆஷ் என்றால் நீங்கள் சொல்வது சரி. 2002இல் டெட்ரோயிட், வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்த அந்தப் பச்சை வண்டு எங்கள் பகுதி ஆஷ் மரங்களை நிற்க வைத்தே கொன்றுவிட்டது. அதைக் கோடாலியாலேயே முடித்துவிடலாம். ஆனால் எனக்கு எல்ம் மரமும் கிடக்கிறது. எல்ம் குற்றியில் கோடாலியை இறக்கினால் கோடாலி உள்ளே நிற்கும், குற்றி அப்படியே இருக்கும். மெசினில் போட்டாலும் நார் நாராகத் தொங்கும், கைக்கோடாலியால் நறுக்கித்தான் பிரிக்க வேண்டும். ரயருக்குள் நிறுத்திப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

வன்னிமகன்

எல்ம் என்றதும் கோடாலிக்காரரிடம் சத்தமே இல்லை!

கோடாலிக்காரன்

எல்ம் மரத்தை நான் எரிப்பதில்லை. அதுவும் ஒரு தீர்வுதான்.

விறகுராசன் (ஒஸ்லோ)

இந்தப் பேச்சு நல்ல பேச்சு. ஒரு கேள்வி. கனடாவில் மெசினை ஓட்டும் லீவர் ஒற்றைக் கைதானா? இங்கே ஐரோப்பாவில் விற்கிற மெசின்கள் இஎன் 609-1 என்ற விதிப்படி இரண்டு கையும் பிடித்தால்தான் ஓடும். ஒரு கையை எடுத்தால் ஆப்பு நின்றுவிடும். எங்களுடையது நிமிர்ந்து நிற்கும் வகை, குற்றியை நிறுத்தி வைத்தால் ஆப்பு மேலிருந்து இறங்கும்.

மேசை பூட்டினால் ஒரு ஆபத்து வரும், இங்கே பார்த்திருக்கிறேன். மேசையில் இருக்கும் துண்டை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் ஓட்ட ஆசை வரும். அதற்காக ஒரு லீவரைக் கயிற்றால் கட்டி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒற்றைக் கை மெசினில் அந்தக் கயிறுகூடத் தேவையில்லை, கை தானாகவே போகும். மேசையை எங்கே வைக்கிறாய் என்பதை விட, லீவரைப் பிடிக்கும்போது உன் மறு கை எங்கே இருக்கும் என்று யோசித்து வை.

தாதி_மலர் (ஒட்டாவா)

நான் அவசரப் பிரிவில் வேலை செய்கிறேன். மேசை பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. விரல் பற்றித் தெரியும்.

ஒருவர் குற்றி வைக்க, இன்னொருவர் லீவர் இழுக்க, இந்த ஏற்பாட்டில்தான் கை நசுங்கி வருவார்கள். ஒரே ஆள் வைக்கட்டும், அதே ஆள் இழுக்கட்டும். குற்றியை முனையில் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

ஹைட்ராலிக் குழாயில் ஊசித் துளை விழுந்தால் அதைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் அதிகம் இருக்காது, அதனால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். அது உடனே சத்திரசிகிச்சைக்குப் போக வேண்டிய காயம். கசிவு தேட ஒரு காட்போட் அட்டையைக் குழாய் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சாமான் பெட்டியில் அந்த அட்டைக்கும் ஒரு இடம் கொடுங்கள்.

பட்டறைத்தம்பி

மலர் அக்கா, நன்றி. அட்டை பெட்டி மூடியின் உள்பக்கம் போகும்.

ராசன் அண்ணை, நீங்கள் சொன்னது மனதில் இருக்கிறது. லீவர் என் வலது கைப் பக்கம். மேசை பீமுக்கு அந்தப் பக்கம், அதாவது நான் லீவர் பிடித்து நிற்கும் இடத்தில் இருந்து கை நீட்டினால் எட்டாத தூரத்தில் மேசையின் வெளி விளிம்பு. பாதியை எடுக்க வேண்டும் என்றால் லீவரை விட்டுவிட்டு ஓர் அடி நகர வேண்டும். அப்படியே வைத்துவிடுகிறேன்.

குன்னூர்_மணி (நீலகிரி)

ஐயா, நான் குன்னூரில் இருந்து படித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் தூள் காயவைக்க விறகுதான். டீ தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக், அப்புறம் யூகலிப்டஸ், சீகை மரம் எல்லாம் வரும். யூகலிப்டஸை வெட்டின உடனே பிளந்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் நார் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஆப்பையே வழுக்கித் தள்ளும்.

இங்கே மலிவாகக் கிடைப்பது மோட்டாரில் சுற்றும் கூம்பு ஸ்க்ரூ மெஷின். கட்டையைக் கூம்பில் அழுத்தினால் திருகிக்கொண்டு உள்ளே போய்ப் பிளக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லுங்கியோ துண்டோ மாட்டினால் ஆளையே இழுக்கும். கட்டை சிக்கிக்கொண்டால் அதுவும் சேர்ந்து சுற்றும். அதை விட்டுவிட்டு கோயம்புத்தூரில் ஒரு ஹைட்ராலிக் பவர் பேக் (மோட்டார், பம்ப், எண்ணெய்த் தொட்டி சேர்ந்தது) வாங்கி, லேத் பட்டறையில் பீம் அடித்து மாட்டலாம் என்று யோசிக்கிறேன். 25 டன் வேண்டுமா, 15 போதுமா? அது தெரிந்தால்தான் மேசை அளவு பற்றியும் யோசிக்க முடியும்.

வன்னிமகன்

மணி, டன் கணக்கை ஸ்டிக்கரில் பார்க்க வேண்டாம், சிலிண்டரில் பாருங்கள். 4 அங்குல விட்டம் என்றால் பரப்பு 12.57 சதுர அங்குலம். 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 3000 இறாத்தல்) அழுத்தத்தில் 37,700 இறாத்தல், அதாவது இங்கத்தைய 2000 இறாத்தல் தொன்னில் 19கூட வராது. தம்பியின் 25 தொன் ஸ்டிக்கர் அங்கேயே அடிபட்டுப் போகிறது. 5 அங்குலம் என்றால் 29 தொன்னுக்கு மேல்.

ஆனால் பெரிதாகப் போட்டால் வேகம் போகும். நிமிடத்துக்கு 11 கலன் தள்ளும் பம்ப் என்று வையுங்கள். 24 அங்குல ஓட்டத்துக்கு 4 அங்குல சிலிண்டர் ஏறக்குறைய 7 விநாடியில் முன்னால் போகும், 5 அங்குலத்துக்கு 11 விநாடி. திரும்பி வருவதும் அதே மாதிரி நீளும். இரண்டு கட்டப் பம்ப் என்பதால் மரம் எதிர்க்காத வரை எண்ணெய் நிறைய வரும், மரம் எதிர்த்ததும் அளவு குறைந்து அழுத்தம் ஏறும். சாதாரண மரம் பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே வாய் பிளந்துவிடும். சில்வர் ஓக்குக்கும் யூகலிப்டஸுக்கும் 4 அங்குலத்தோடு நிறுத்துங்கள். மிச்சக் காசை மேசைக்குப் போடுங்கள். நாள் முடிவில் எத்தனை குற்றி முடிந்தது என்பதைத் தீர்மானிப்பது தொன் அல்ல, எத்தனை தடவை குனிந்தாய் என்பது.

குன்னூர்_மணி

இந்தக் கணக்கு யாரும் இங்கே சொல்லவில்லை. கடைக்காரர் 30 டன்தான் வேண்டும் என்று நின்றார். நன்றிங்க.

கோடாலிக்காரன்

கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் முதுகு இருக்கிறது.

பட்டறைத்தம்பி

சரி, வேலை முடிந்தது. வன்னி அண்ணை சொன்ன மாதிரியே கீழ் விளிம்பில் கிளாம்ப், ஹிட்ச் குழாய், பின். கேட்கிறவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

சட்டம் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 1/8 அங்குலச் சுவர். அளவு 24க்கு 30 அங்குலம். மேலே தட்டையான இரும்புத் தகடு போடவில்லை, முக்கால் அங்குலக் கண்ணுள்ள வலைத்தகடு போட்டேன். மரப்பட்டையும் சிராயும் தானே கீழே கொட்டிவிடும். தகடாக இருந்தால் அதைக் கூட்டுவதே ஒரு வேலை, பனி உறைந்தால் குற்றி சறுக்கி உன் காலில் வரும்.

உயரத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. பீமின் மேல் மட்டத்தில் இருந்து அரை அங்குலம் கீழே மேசை. சரிமட்டமாக வைத்தால் குற்றியின் பட்டை மேசையின் ஓரத்தில் கொளுவும். நிறையக் கீழே வைத்தால் பாதியைத் திரும்ப இழுப்பது கஷ்டம். அரை அங்குலம் என்றால் பிளந்த பாதி தானே வழிந்து மேசைக்குப் போகிறது, அடுத்த ஓட்டத்துக்கு இழுத்து உருட்டினால் பீமுக்கு வருகிறது. தூக்கவே இல்லை.

ஆப்பு பக்கத்து ஓரத்தில் விளிம்பு எதுவும் கிடையாது. இதைக் கவனியுங்கள். பிளக்கும்போது இரண்டு பாதியும் பக்கவாட்டில் விரியும், அந்த விரிவுக்குப் பின்னால் சிலிண்டரின் முழுப் பலமும் இருக்கிறது. அங்கே ஒரு ஆங்கிள் எழும்பி நின்றால் அதை வளைத்துக்கொண்டு போகும். வெளி ஓரத்தில் மட்டும் 2 அங்குல உயர விளிம்பு, உருண்டு விழாமல் இருக்க.

வெளி மூலையில் ஒரு கால், குழாய்க்குள் குழாய், ஓட்டை போட்டுப் பின் குத்தியது. நிலம் சரிவாக இருந்தாலும் இறக்கி ஏற்றலாம். கால் இல்லாமல் விட்டால் பாரம் முழுக்க அந்தக் கிளாம்பில் தொங்கும், மெசினும் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். மெசினை நிமிர்த்தி வைத்து வேலை செய்ய வேண்டும் என்றால் பின்னை இழுத்து மேசையைக் கழற்றிவிடலாம்.

அதே குழாயில் இப்போது இன்னொரு சாமானும் ஏறுகிறது. ஒரு சின்னக் குறட்டுக் கட்டையை 2 அங்குலக் கம்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். மேசையைக் கழற்றி அதைச் செருகினால் செயின் சோவின் பாரைப் பிடித்து அரம் போடலாம். மெசின் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்.

விறகுராசன்

அந்தக் குறட்டு யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கே பேர்ச் விறகை 40 லீற்றர், 60 லீற்றர் வலைச்சாக்கில் கட்டித்தான் விற்போம். அதே குழாயில் ஒரு சாக்கு வளையத்தைச் செருகினால் மேசையில் இருந்து நேரே சாக்குக்குள் தள்ளிவிடலாம். நிமிர்ந்த மெசினில் எங்கே கிளாம்ப் போடுவது என்று பார்க்கிறேன்.

தர்மா_கிங்ஸ்டன்

பெட்டி என்ன ஆனது? அதுதான் எனக்கு வேண்டியது.

பட்டறைத்தம்பி

பெட்டி ஒரு பழைய இராணுவத் தோட்டாப் பெட்டி, சேர்ப்ளஸ் கடையில் வாங்கியது. மூடியில் ரப்பர் இருக்கிறது, மழைத்தண்ணீர் போகாது. எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். எஞ்சினுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் பக்கத்தில் வேண்டாம். சைலன்சர் சூட்டில் கையுறை கருகும், தொட்டி மேலே வைத்தால் எண்ணெய் ஊற்றும் வாய்க்கு வழி இருக்காது. இழுவைத் தண்டின் மேல், ஹிட்ச் கொண்டையில் இருந்து ஓர் அடி தள்ளி வைத்தேன். பெட்டிக்கும் தண்டுக்கும் நடுவே பழைய ரியூப் ரப்பரை வெட்டிப் போட்டேன். அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் அரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

உள்ளே கொஞ்சச் சாமான்தான். செயின் சோவுக்கு 3/8 பிட்ச் செயின் என்பதால் 7/32 அங்குல அரம், தட்டை அரம், ஸ்பார்க் பிளக் ஒன்று, இரண்டு ஸ்பனர், பின் இரண்டு, காது மூடி, ஈரமானி. விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அடுப்பில் வைப்பேன். எல்ம் நாரை வெட்டும் கைக்கோடாலிக்கும், குற்றியைக் கொளுவி இழுக்கும் கொக்கிக்கும் மேசைச் சட்டத்தில் இரண்டு துண்டுக் குழாய் ஒட்டி வைத்தேன், அதற்குள் பிடி போகும். செயின் சோவை மெசினில் மாட்டவில்லை. ஆட்டத்தில் அதன் போல்ட்டும் தளரும். பெற்றோல் கானும் மெசினில் இல்லை, தள்ளித் தரையில்தான்.

தர்மா_கிங்ஸ்டன்

மிச்சச் சாமானுக்கு? பெரிய இழுப்பறைப் பெட்டி ஒன்று பூட்டலாமே.

வன்னிமகன்

வேண்டாம். இழுப்பறை இந்த ஆட்டத்துக்குத் தாங்காது, பூட்டு ஒரு மாதத்தில் திறந்துகொண்டு வரும். குனியாமல், நடக்காமல் உடனே தேவைப்படுகிற சாமான் மட்டும் மெசினில். மற்றது ட்ரக்கில்.

இன்னொன்று. இந்த மெசின்களின் ரயரும் பேரிங்கும் பெருந்தெருவுக்கு இல்லை. மணிக்கு 45 மைலுக்கு மேல் இழுக்காதே என்று பலவற்றில் எழுதியே இருக்கும். மேசையைக் கழற்றி ட்ரக்கில் போட்டுவிட்டு இழு. மேசை பூட்டியபடி போனால் அகலமும் கூடும், பின் விளக்கும் மறையும். பெட்டியைத் தண்டில் வைத்ததால் ஹிட்ச்சில் இறங்கும் பாரமும் கொஞ்சம் கூடியிருக்கும், கையால் தூக்கிப் பார்த்துக்கொள்.

அப்புறம் விறகு. வண்டு பிடித்த ஆஷ் மரத்தை வெட்டின இடத்திலேயே பிளந்து அங்கேயே எரி. கொட்டேஜுக்கு ஏற்றிப் போகாதே. விறகோடு அந்த வண்டும் பயணம் செய்யும்.

பட்டறைத்தம்பி

மெசினைத்தான் அயல் வீட்டுக்கு இழுத்துப் போகிறேன், விறகை இல்லை. மேசை ட்ரக்கில்தான் போகும்.

குன்னூர்_மணி

ஒரு சந்தேகம். குளிர்காலத்தில் அங்கே எண்ணெய் உறையாதா? இங்கே ஜனவரியில் உறைபனி விழும், ஆனால் உங்கள் அளவுக்கு இல்லை.

பட்டறைத்தம்பி

உறையாது, ஆனால் தேன் மாதிரித் தடிக்கும். பம்ப் எஞ்சினோடு நேரடியாகப் பூட்டியிருப்பதால் கயிறு இழுக்கும்போது அந்தத் தடித்த எண்ணெயையும் சேர்த்துத்தான் சுற்ற வேண்டும். நான் ஏடபிள்யூ 32 எண்ணெய் போடுகிறேன், 46 இன்னும் தடிப்பு. மைனஸ் 20இல் ஸ்டார்ட் ஆனதும் சும்மா ஓடவிட்டு, வெறும் ஓட்டம் சிலது கொடுத்த பிறகுதான் குற்றி வைப்பேன். உங்கள் ஊருக்கு 46 தாராளமாகப் போதும், வெயில் காலத்திலும் மெலியாது.

குன்னூர்_மணி

சரிங்க. பீம் அடிக்கக் கொடுக்கும்போதே கீழ் விளிம்பை இரண்டு அங்குலம் அகலமாக விடச் சொல்கிறேன், கிளாம்ப் போட வசதியாக இருக்கும். ஹிட்ச் குழாய் இங்கே கிடைக்காது. 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய்க்குள் 40 போகும், நடுவில் ஷிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய தகடு) வைத்துக்கொள்ளலாமா?

வன்னிமகன்

வேண்டாம், ஆடும். 50க்குச் சுவர் 4 மில்லிமீட்டர் எடுத்தால் உள்ளே 42 இருக்கும், 40 குழாய் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் போகும். வெளிக் குழாயில் ஒரு பக்கம் நட் ஒட்டி, போல்ட்டைத் திருகி அழுத்தினால் ஆட்டம் நிற்கும். பின் தனியாக இருக்கட்டும், போல்ட்டை மட்டும் நம்ப வேண்டாம்.